எட்டாவது சுருள்

இருபத்தெட்டுச் சதுர மீட்டர்.
வாசலில் உதறிய செருப்பில் ஒன்று
சமையலறையில் போய் விழும்.

ருஸ்தாவியில், எஃகு ஆலைப் புகை தெரிகிற பக்கம்,
நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.
கடனெல்லாம் கட்டியபின் கையில் மிச்சம்
அறுநூற்றுப் பத்து லாரி.
அதற்குள்தான் சுவர், தரை, குழாய், விளக்கு.
அதற்குள்தான் எங்கள் ரசனையும்.

தெமூர் ஒரு நோட்டு போட்டான்.
முதல் பக்கம் அவசியம்,
அடுத்த பக்கம் ஆசை.
ஒரு வாரம்கூட ஆகவில்லை,
ஆசைப் பக்கத்தில்
கழிவுக்குழாய் வந்து உட்கார்ந்துகொண்டது.

எலியாவா சந்தையில் சுவர்க்காகிதம் பார்த்தோம்.
சாம்பல் கலந்த பச்சை, இடையிடையே மாதுளம்பூ.
"கடைசி ஏழு சுருள். இந்த டிசைன் இனி வராது."
பாதி விலை சொன்னார் கடைக்காரர்.
அதிலும் பாதிக்குக் கேட்டேன்.
தெமூர் எனக்குச் சம்பந்தமில்லாதவன்போல்
பக்கத்துக் கடையில் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
மானம் அவனுக்கு. ஏழு சுருள் எனக்கு.

பசை வாங்கவில்லை.
ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவள்
மாவுக்கா அலைவாள்?
மேசையில் உதிர்ந்ததை மூன்று நாள் கூட்டிச் சேர்த்தேன்.
கட்டி தட்டாமல் கிண்டக் கிண்ட
இருவருக்கும் பசித்தது.

பழையதை உரித்தோம்.
கோடுகளுக்கு அடியில் ரோஜா,
ரோஜாவுக்கு அடியில் மஞ்சள்,
மஞ்சளுக்கு அடியில் செய்தித்தாள்.
ஏணியில் நின்றபடியே வாசித்தான்:
நாளை மாலை மழை.
திராட்சை விளைச்சல் இலக்கைத் தாண்டி
"எவ்வளவு தாண்டி?"
"கிழிந்துவிட்டது."

புரியாதது ஒன்றே ஒன்று.
மூலை அலமாரியை நகர்த்தினால்
பின்னால் அலமாரி அகலத்துக்கு மொட்டைச் சுவர்.
காகிதமில்லை, தாளில்லை,
பசை காய்ந்த தடம்கூட இல்லை.
ஈரம் என்றான். பூஞ்சை என்றான்.
மேல்வீட்டு லாமாராவைக் கூட்டிவந்து காட்டினான்.
அவள் தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.
"எனக்கென்ன தெரியும்? என் ஏணி எப்போது வரும்?"

ஏழாவது சுருள் தீரும்போது
இரவு மணி ஒன்று.
சுவர் இன்னும் ஒரு மீட்டர் இருபது பாக்கி.
அளந்தது யார் என்றான்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்தது யார் என்றேன்.
கோபித்துக்கொண்டு போகவும் இடமில்லாத வீடு.
சமையலறைக்குப் போனான்.
அவன் மூச்சு விடுவது இங்கே கேட்டது.

கை சும்மா இருக்க மாட்டாமல்
மொட்டைச் சுவரை ஈரத்துணியால் துடைத்தேன்.
தூசிக்கு அடியில் பென்சில்.
யாரோ இடதுகைக்காரர் போலும்,
எண்களெல்லாம் பின்பக்கம் சாய்ந்திருந்தன.
சுவர் பதினாறு மீட்டர்.
ஏழு சுருள், ஒன்று மூன்று ரூபிள் இருபது,
ஆக இருபத்திரண்டு நாற்பது.
ஏழை அடித்து எட்டு.
எட்டையும் அடித்து,
ஓரத்தில் சின்னதாக, ஒரே சொல்:
அலமாரி.

கூப்பிட்டேன். வந்து படித்தான்.
சிரிப்பதில்லை என்றிருந்தவன்
மூக்கால் சிரித்துவிட்டான்.
"கீழே நம் கணக்கையும் எழுதுவோமா?"
பென்சில் எந்த அட்டைப்பெட்டியில் என்று
இருவருக்கும் தெரியவில்லை.
கால்களுக்கடியில் துணி போட்டு
அலமாரியைத் தள்ளினோம்,
கீழ்வீட்டார் துடைப்பக் கட்டையால்
எங்கள் தரையை இடிக்கும்வரை.

காலையில் வீடு முழுக்க
வேகாத ரொட்டி வாசனை.
ஸ்விட்ச் பக்கம் ஒரு மாதுளம்பூ
அதற்குள் காது தூக்கியிருந்தது.
லாமாரா ஏணிக்கு வந்தாள்.
சுற்றிப் பார்த்தாள், பூவைத் தடவினாள்.
"அழகுதான். எத்தனை சுருள்?"
"எட்டு" என்றான் தெமூர், கண்ணிமைக்காமல்.

அவள் அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டாள்.
கூடப் பிடித்துக்கொண்டு மேலே போனேன்.
அவள் வீட்டிலும்
அதே மூலையில்தான் இருக்கிறது அலமாரி.